குஞ்சம்மாள் வீட்டுக்குள் வந்த ஏரி

கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீஸுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவில் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருப்பவன் நான். பெயர் பொன்னுரங்கம். யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, ரைட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மனு எழுதிக் கொடுப்பது தொழில். இது தனி மாவட்டம் ஆவதற்கு வெகு காலம் முன்பிருந்தே இந்தப் பக்கத்துக் கஷ்டமெல்லாம் என் மேசை வழியாகத்தான் உள்ளே போகிறது. எவ்வளவு வெளியே வந்தது என்று என்னைக் கேட்கக் கூடாது. எழுதுவதோடு என் வேலை முடிந்தது.

குஞ்சம்மாளைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை. முப்பத்தோரு வருடமாக 'கீழே கையொப்பமிட்டுள்ள நான்' என்று பிறருக்காக எழுதிய கை இது. ஒரு தடவையாவது எனக்காக எழுதிப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதுவும் அவள் விஷயமாகத்தான் வந்து நிற்கிறது.

வடக்கனந்தலுக்கு மேற்கே, கல்வராயன் மலை ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நெடுந்தாங்கல் என்று ஒரு ஊர். மலையில் பெய்கிற மழை ஓடையாக இறங்கி அந்த ஊர் ஏரியில் விழும். ஊரெல்லாம் கரைக்குக் கீழே இருக்கிறது. கரைக்கு எதிர்ப்பக்கம், தண்ணீர் ஏறி வருகிற உள்வாயில், தன்னந்தனியாக ஒரே ஒரு ஓட்டு வீடு. அதுதான் குஞ்சம்மாள் வீடு. அவளுக்கு இப்போது ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு இருக்கும். ஆதார் அட்டையில் எழுபத்திரண்டு. அதைத் திருத்த நான் எழுதிய மனுக்கள் தனிக் கதை.

ஏரிக்குள் போய் எவளாவது வீடு கட்டுவாளா என்று கேட்கலாம். அவள் கட்டியதற்குக் காரணம், கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டதுதான். கல்யாணமான மூன்றாம் வருடம் புருஷன் பாவாடையின் அண்ணனோடு சண்டை. ஒரு வீட்டில் இரண்டு குடும்பம், ஒரு அடுப்பு. பேச்சு முற்றி, அண்ணன்காரர், "எடம் பத்தலன்னா போயி ஏரில வூடு கட்டிக்கோ" என்றார். கோபத்தில் எல்லோரும் சொல்வதுதான். "கட்டிக்கிறேன்" என்றாள். பாவாடை சிரித்தார். மறுநாள் காலையில் அவள் மண்வெட்டியோடு உள்வாய் மேட்டில் நின்றாள். சிரித்த மனிதர் தலையில் கூடையோடு நின்றார். ஏரி மண்ணையே குழைத்துச் சுவர் வைத்தார்கள். இடித்துப் போட்ட பள்ளிக்கூடத்து ஓடுகளை வாங்கி மேலே போட்டார்கள்.

சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. ஒரு தடவை ரேஷன் கடையில் எடை தகராறு. "உன் சக்கர எனக்கு வாணாம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்தக் கடைக்காரர் மாற்றலாகிப் போகும் வரை, இரண்டு வருடம், சர்க்கரை வாங்கவில்லை. வெல்லம் போட்டுக் காப்பி குடித்தாள். மகள் கலையரசிக்கு வெல்லக் காப்பி பிடிக்கவே இல்லை. திருநாவலூரில் கட்டிக் கொடுத்த பிறகுதான் அந்தப் பெண் சர்க்கரைக் காப்பியைப் பார்த்தது.

பாவாடை மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து பதினோரு வருடமாகிறது. இப்போது அந்த வீட்டில் குஞ்சம்மாளும் இரண்டு பசுக்களும் ஒரு கன்றும். நாற்று நடவு, களை எடுப்பு, நூறு நாள் வேலை, சொசைட்டிக்குப் பால். மாதம் ஒரு தடவை என் மேசை.

என் மேசைக்கு அவள் வந்ததெல்லாம் பட்டாவுக்காக. அந்த வீட்டுக்குப் பட்டா கேட்டு நான் இதுவரை பதினேழு மனு எழுதியிருக்கிறேன். பதினேழுக்கும் பதில் வந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. 'மனுதாரர் குறிப்பிடும் இடம் ஏரிப் புறம்போக்கு. அவ்விடத்தில் குடியிருப்பு ஏதும் இல்லை.' அவள் ரேஷன் கார்டு, ஓட்டு, எல்லாம் இன்னும் புருஷனுடைய அண்ணன் வீட்டு விலாசத்தில்தான் இருக்கின்றன. கரண்ட் கேட்டால் பட்டா கேட்பார்கள். பட்டா கேட்டால் வீடே இல்லை என்பார்கள். ஒவ்வொரு பதிலையும் நான் படித்துக் காட்டுவேன். அவள் கேட்டுவிட்டு, "நா எங்க படுத்துகினு கீறன்னு அவுங்கள ஒரு நாளு வந்து பாக்கச் சொல்லுங்க" என்பாள். வந்து பார்க்கும்படி பதினெட்டாவது மனுவில் எழுதலாம் என்று நான் சொல்வேன்.

நாலு வருடத்துக்கு முந்திய கார்த்திகையில் நல்ல மழை. ஏரி நிரம்பி, உள்வாயில் நிற்கும் வேப்பமரத்தின் வேர் வரை தண்ணீர் வந்தது. எப்போது நிரம்பினாலும் அது அங்கேதான் நிற்கும். அந்த மரத்திலிருந்து அவள் வீடு எழுபது மீட்டர் மேலே. அப்போது ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தவர்களுக்கு நிவாரணம் என்று அறிவித்தார்கள். பத்து கிலோ அரிசி, ஒரு சேலை, ஒரு போர்வை. குஞ்சம்மாள் நனைந்துகொண்டே வந்தாள். வீடெல்லாம் தண்ணீர் என்றாள். ஏரி வந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை, பள்ளிக்கூடத்து ஓடு ஒழுகுகிறது என்றாள்.

மேலே இருந்து வருகிற தண்ணீருக்கு ஒன்றும் தர மாட்டார்கள், கீழே இருந்து வந்தால்தான் உண்டு என்று விளக்கினேன். தண்ணி தண்ணிதானே என்றாள். நியாயமான கேள்வி. ஆனால் நியாயத்துக்குப் படிவம் கிடையாது. நான்தான் தண்ணீரின் திசையை மாற்றினேன். 'ஏரி நீர் என் குடியிருப்புக்குள் முழங்காலுக்கு மேல் புகுந்து, இரண்டு இரவும் இரண்டு பகலும் மாடுகளுடன் நின்றபடியே தவித்தேன்' என்று எழுதினேன். எனக்கே பிடித்துப்போன வரி. படித்துக் காட்டினேன். "இத நா சொன்னதாவா போவுது?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கையெழுத்துப் போட்டாள்.

அரிசி வந்தது, சேலை வந்தது, போர்வை வந்தது. யாரும் நேரில் போய்ப் பார்க்கவில்லை, அந்த மழையில் யார் போவார்கள். ஆக, ஒரே ஆபீஸில் மாடியில் இருந்த கோப்பின்படி அங்கே வீடே இல்லை. கீழே இருந்த கோப்பின்படி அந்த வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். இரண்டு கோப்புகளும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யவில்லை. நிவாரணப் பட்டியலில் ஒரு நகல் கிடைத்தால் பட்டா மனுவோடு வைக்கலாமே என்று கேட்டுப் பார்த்தேன். அது வேறு பிரிவு என்றார்கள். போர்வை மெல்லிசு. அதைக் கன்றுக்குப் போர்த்தினாள்.

இப்படி எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வருடம் தெய்வசிகாமணி படகுத்துறைக்கு மனுப் போட்டார்.

தெய்வசிகாமணிக்கு அந்த ஊரில் நெல், கரும்பு, தோப்பு எல்லாம் உண்டு. குஞ்சம்மாள் வீட்டை ஒட்டினாற்போல அவருடைய தென்னந்தோப்பு. அதற்கு முறையான பட்டா உண்டு. சனி ஞாயிறில் மலை அருவிக்குப் போகிற கார்களை வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு யோசனை. ஏரியில் ஒரு படகுத்துறை, அன்னம் மாதிரி செய்த ஆறு பெடல் படகுகள், தோப்பில் சாப்பாட்டுக் கூடமும் கழிப்பறையும். கூடம்தான் முக்கியம். படகில் என்ன வந்துவிடும், பரோட்டாவில்தான் வரும் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

துறைக்கு அவர் கேட்ட இடம் மாட்டிறக்கம். ஏரியின் மற்ற பக்கமெல்லாம் கல் பதித்த கரை, இல்லாவிட்டால் சீமைக்கருவேலம், அதுவும் இல்லாவிட்டால் முழங்கால் சேறு. இந்த ஒரு இடத்தில் மட்டும் தரை சரளையாக, மெல்ல மெல்லச் சரிந்து தண்ணீருக்குள் போகிறது. மாடு தானாக இறங்கும், கழுத்தளவு வரை நடந்து போகும், தானாக ஏறி வரும். ஊரில் அறுபது எழுபது மாடுகள். தண்ணீருக்கு எல்லாம் அங்கேதான் வரும். மாட்டுப் பொங்கலுக்குக் குளிப்பாட்டுவதும் அங்கேதான். அங்கே துறை வந்தால் மாடு வேறு எங்கேயும் இறங்க முடியாது. நிலமில்லாதவர்களுக்கு அந்த ஊரில் சொத்து என்று இருப்பது மாடு மட்டும்தான்.

ஆட்சேபம் சொல்ல முப்பது நாள் கொடுத்திருந்தார்கள். இருபதாவது நாள் ஒரு டாடா ஏஸ் நிறைய ஆட்கள் வந்து என் மேசை முன்னால் இறங்கினார்கள். முன்னால் குஞ்சம்மாள். துறைக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பவள் என்பதால் அவளைத் தலைவியாக்கியிருந்தார்கள். "தொற வராதுன்னு சொல்லிட்டு வந்துட்டன். எய்துங்க" என்றாள். யாரிடம் சொன்னாய் என்று கேட்டேன். தெய்வசிகாமணியிடமே சொல்லியிருக்கிறாள்.

எனக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது. ஏரிக்கரையில் ஒரு பச்சைப் பலகை நட்டிருக்கிறார்கள், அதில் 'பாதுகாக்கப்பட்ட ஈரநிலம்' என்று எழுதியிருக்கிறது என்று ஒருவர் சொன்னார். ஏரியைப் போய் ஈரமான நிலம் என்று எழுதியிருக்கிறார்களே என்று ஊரில் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டிருந்தார்கள். நான் விடவில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடை அன்புச்செல்வனிடம் சொல்லி ஈரநில விதிகளைத் தேடச் சொன்னேன். யாரோ தமிழில் போட்ட ஒரு தாளை எடுத்துக் கொடுத்தான். 'தண்ணீர் எட்டிய உச்சக் கோட்டிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் எதுவும் கூடாது.' இதைவிட நல்ல வாக்கியத்தை நான் ஒரு சட்டத்தில் படித்ததில்லை. சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, எண்பத்திரண்டு கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, மனுவை உள்ளே கொடுத்தோம். அன்று ஆளுக்கொரு இளநீர் குடித்தார்கள். எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள்.

விசாரணை நெடுந்தாங்கல் சமுதாயக் கூடத்தில் நடந்தது. வந்த அதிகாரி ஒரு பெண், முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும், அதிகம் பேசாதவர். நான் அடிக்கோடு போட்ட வரியை அவர் சத்தமாகப் படித்தார். கூட்டம் தலையாட்டியது. பிறகு தன் கையிலிருந்த புத்தகத்தில் பக்கத்தைத் திருப்பி அடுத்த வரியையும் படித்தார். 'படகுத்துறை இதற்கு விதிவிலக்கு.'

அன்புச்செல்வன் கொடுத்தது முன்பக்கம் மட்டும். பின்பக்கம் ஒன்று இருக்கிறதா என்று நானும் கேட்கவில்லை. எண்பத்திரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கூரையைப் பார்த்தேன். சமுதாயக் கூடத்துக் கூரையும் ஒழுகிய கறையோடுதான் இருந்தது.

அதிகாரியம்மா நியாயமானவர், அதோடு விடவில்லை. துறைக்கு விலக்கு உண்டு, ஆனால் சாப்பாட்டுக் கூடத்துக்கும் கழிப்பறைக்கும் விலக்கு இல்லை, அவை கோட்டிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றார். கூடம் இல்லாவிட்டால் துறை தனக்கு வேண்டியதில்லை என்று தெய்வசிகாமணியின் இன்ஜினியர் அப்போதே சொல்லிவிட்டார். ஆகவே, விதிப்படி, கடந்த பத்து வருடத்தில் தண்ணீர் எதுவரை வந்தது, கோடு எங்கே என்பதுதான் கேள்வி என்று ஆனது. தண்ணீர் மட்டம் காட்டும் அளவுக்கல்லைத் தேடினார்கள். அது துணி துவைக்கிற கல்லாகிப் பல வருடம் ஆகியிருந்தது. எண்களெல்லாம் சோப்பில் போய்விட்டன. ஆபீஸில் ஏதாவது பதிவு இருக்கிறதா என்று கோப்புகளைப் புரட்டினார்கள். மொத்த ஏரிக்கும் எழுத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. நாலு வருடத்துக்கு முந்திய நிவாரண மனு. 'ஏரி நீர் என் குடியிருப்புக்குள் முழங்காலுக்கு மேல் புகுந்து.'

அதிகாரியம்மா அதையும் சத்தமாகப் படித்தார். நல்ல குரல். எனக்குப் பிடித்துப்போன வரி அன்றைக்குப் பிடிக்கவில்லை.

விஷயம் இவ்வளவுதான். அந்த மனு உண்மையென்றால் கோடு குஞ்சம்மாள் வீட்டுச் சுவரில். பக்கத்திலிருக்கும் தோப்பு முழுக்க ஐம்பது மீட்டருக்குள் வந்துவிடும், கூடம் கட்ட முடியாது, துறை வராது. ஆனால் அவள் வீடே ஏரிக்குள் இருக்கிறது என்று ஆகிவிடும், அதை எடுத்தாக வேண்டும். மனு பொய்யென்றால் கோடு வேப்பமரத்தில். வீடு ஐம்பது மீட்டருக்கு வெளியே போய்விடும், இப்போதிருப்பது போலவே, யார் கண்ணிலும் படாமல் இருக்கும். கூடமும் வெளியே போய்விடும், துறை வந்துவிடும். மனுக் கொடுத்தவளையே கேட்டுப் பதிவு செய்கிறேன், பதினைந்து நாள் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு அதிகாரியம்மா கிளம்பினார்.

அந்தப் பதினைந்து நாளும் குஞ்சம்மாளிடம் ஊரில் யாரும் எதுவும் கேட்கவில்லை. வீட்டை விட்டுக்கொடு என்று எந்த வாயால் கேட்பது. பூசணிக்காய் வந்தது. ஒருவர் கொட்டகைக்குக் கீற்று கொண்டுவந்து போட்டார். இன்னொரு அம்மாள் கறிக்குழம்பு கொடுத்தனுப்பினார். அவ்வளவு பதார்த்தத்தைத் தன் வீட்டில் ஒன்றாகப் பார்த்ததே இல்லை என்று குஞ்சம்மாள் பிறகு சொன்னாள்.

தெய்வசிகாமணி நேரிலேயே வந்தார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக அந்த வாசலில் ஏறினார். அதுவரை அவளை 'ஏ குஞ்சம்மா' என்றுதான் கூப்பிடுவார், அன்று 'வாங்க, உக்காருங்க' என்றார், அவள் வீட்டிலேயே. தான் ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை, உண்மையைச் சொன்னால் போதும் என்றார். மாடுகளுக்குக் கூட காலையில் ஐந்து மணியிலிருந்து ஆறு மணி வரை துறையைத் திறந்துவிடத் தயார் என்றார். "மாட்டுக்கு மணி பாக்கத் தெரியாதுங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

நானும் போனேன். பஸ் பிடித்து, இறங்கி, கரையைச் சுற்றி நடந்து, எத்தனையோ மனுவில் நான் எழுதிய அந்த வீட்டை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். சின்ன வீடு. சுவர் நேராக இருந்தது. வாசலில் சாணம் தெளித்துக் கோலம். ஓடுகளுக்குக் கீழே ஒழுகும் இடங்களில் ஏழெட்டுப் பாத்திரங்கள், எது எங்கே என்று அடையாளத்தோடு. மழை இல்லாத நாளிலும் அவை அங்கேயே இருந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடு, ரைட்டர் தானாக எழுதிவிட்டான், எனக்குத் தெரியாது என்று சொல், நான் ஒத்துக்கொள்கிறேன் என்றேன். அவளுக்காகச் சொன்னது பாதி. மீதி, என்னால் அவள் வீடு போயிற்று என்று நான் மிச்ச நாள் முழுக்க அந்த மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டாம் என்பதற்காக. அவள் பூசணிக்காயில் பாதியை அறுத்து என் பையில் போட்டாள்.

பதினைந்தாம் நாள் சமுதாயக் கூடத்தில் உட்கார இடமில்லை. நிவாரணம் கொடுத்த சேலையைத்தான் குஞ்சம்மாள் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அதிகாரியம்மா அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவள் நின்றாள்.

"ஏரித் தண்ணி வீட்டுக்குள்ள வந்துச்சாம்மா?"

"வந்துதுங்க."

"எவ்வளவு?"

குனிந்து முழங்காலைத் தொட்டாள். "இதுக்கு மேல. ரெண்டு ராவு, ரெண்டு பகலு. மாட்டோட நின்னுகினே தவிச்சங்க."

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை நான் படித்துக் காட்டியது. ஒரு சொல் பிசகவில்லை. முப்பத்தோரு வருடத்தில் நான் எழுதிய எதற்கும் நான் அழுததில்லை. அன்று கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

தெய்வசிகாமணி எழுந்து, இது பச்சைப் பொய், தண்ணீர் வேப்பமரத்தைத் தாண்டவில்லை என்றார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. நீங்கள் பார்த்தீர்களா என்று அதிகாரியம்மா கேட்டார். அந்த மாதம் முழுக்க அவர் சென்னையில் மகள் ராதிகா வீட்டில் இருந்தார். பார்த்தவர்கள் யாராவது உண்டா என்று கூட்டத்தைக் கேட்டார். எண்பத்திரண்டு பேரும் அந்தக் கார்த்திகையில் ஏரியைப் பார்த்தவர்கள்தான். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அதிகாரியம்மா பேனாவை மூடிவைத்தார். நீ சொல்வதை நான் எழுதினால் உன் வீடு போய்விடும், தெரிகிறதா என்று கேட்டார். ஒரு அதிகாரி கேட்கிற மாதிரி கேட்கவில்லை.

"தெரியுதுங்க. எய்திக்குங்க" என்றாள் குஞ்சம்மாள்.

திரும்பி வருகையில் பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தாள். மாட்டிறக்கம் வழியாகத்தான் வர வேண்டும். சாயங்கால வேளை, மாடுகள் இறங்கியிருந்தன. எனக்கு அவள் மேல் கோபம். சொன்னதைத் திரும்ப வாங்க மாட்டேன் என்ற வீம்புக்கு வீட்டையா கொடுப்பார்கள், இது என்ன ரேஷன் சர்க்கரையா என்று கத்தினேன். அவள் தன் பசு ஏறி வரும் வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வூட்ட நாந்தான கட்னன் ரைட்டரே. இன்னொன்னு கட்டிக்கலாம். இந்த எறக்கத்த யாரு கட்டுவாங்க, சொல்லுங்க."

பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.

துறைக்கு அனுமதி மறுத்து உத்தரவு வந்தது. தெய்வசிகாமணி அன்னங்களுக்குக் கொடுத்த ஆர்டரை வாபஸ் வாங்கினார் என்று கேள்வி. ஊரில் இரண்டு நாள் சந்தோஷம். மூன்றாம் நாளிலிருந்து குஞ்சம்மாளை நேருக்கு நேர் பார்ப்பதற்குச் சங்கடப்பட்டார்கள். பூசணிக்காய் நின்றுவிட்டது. ஆனால் இரண்டு பேர் தங்கள் வீட்டுக் கொல்லையில் கொட்டகை போட இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மகள் திருநாவலூருக்கு வந்துவிடச் சொல்கிறாள். அங்கே மாட்டுக்குக் குழாய்த் தண்ணீராம். குஞ்சம்மாள் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான்.

போன செவ்வாய்க்கிழமை நோட்டீஸோடு என் மேசைக்கு வந்தாள். இளநீர் வண்டிப் பக்கம் நிழலாக இருந்தது, அங்கே உட்காரச் சொல்லிப் படித்தேன். 'நெடுந்தாங்கல் கிராமம், ஏரி உள்வாயில், பாவாடை மனைவி குஞ்சம்மாள் என்பவருக்குச் சொந்தமான ஓட்டு வீடு ஒன்று அமைந்துள்ளது ஆய்வில் தெரிய வருகிறது. மேற்படி வீட்டை அறுபது நாட்களுக்குள்...'

"நில்லுங்க" என்றாள். "மொதல்லேந்து படிங்க."

மறுபடி படித்தேன். சொந்தமான என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள். அந்த வார்த்தை எது என்று கேட்டாள். விரல் வைத்துக் காட்டினேன். சீல் இருக்கிறதா என்று கேட்டாள். வட்டச் சீல், கையெழுத்து, தேதி எல்லாம் இருந்தது. பதினேழு மனுவுக்கு இல்லாத வீடு இந்த ஒரு தாளில் இருந்தது, ஓட்டோடு, அவள் பெயரோடு. அவள் அந்த வார்த்தையின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். இளநீர்க்காரர் யாராவது செத்துவிட்டார்களா என்று என்னைச் சாடையில் கேட்டார்.

"வூடு கீதுன்னு ஒத்துகினாங்க பாத்தீங்களா" என்றாள்.

பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எழுதுங்கள் என்றாள். மாற்று மனைக்கு, பட்டாவோடு. பதினெட்டாவது மனு. வீடு இருந்ததற்கு ஆதாரம் என்ன வைக்கப்போகிறோம் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. நோட்டீஸின் அசலைத் தர மாட்டேன், லேமினேஷன் போட வேண்டும் என்றாள். நகல் போதும் என்றேன். மனுவில் இந்தத் தடவை தண்ணீரைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அன்புச்செல்வனிடம் நோட்டீஸைக் கொடுத்து, பின்பக்கத்தையும் சேர்த்து எடுக்கச் சொன்னேன். பின்பக்கம் காலியாகத்தான் இருந்தது, இருந்தாலும் எடுக்கச் சொன்னேன்.